நடு இருக்கை இல்லாத வண்டி

வெர்லா அக்காவின் பழைய பிக்கப் வண்டிக்கு இனி வைத்தியம் இல்லை என்று கிளெட்டஸ் அண்ணன் சொன்னபோது, அவர் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பூட்ஸ் கால்கள் இரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"அடிச்சட்டம் விட்டுப்போச்சு, வெர்லா. போன வருசம் வச்ச வெல்டும் சேர்ந்து போச்சு. இனி வெல்டு வைக்க இதுல இரும்பு எங்க இருக்கு? துருதான் இருக்கு."

"இன்னும் ஒரு குளிர்காலம் தாங்காதா அண்ணே?"

"தாங்கும். ஓட்டாம நிறுத்தி வச்சா நல்லாவே தாங்கும்."

வெர்லா அக்கா சிரித்தார். ஆனால் கையை வண்டியின் கூரையிலிருந்து எடுக்கவில்லை.

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் மாடு வளர்க்கிறவர்களுக்கு பிக்கப் வண்டி வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. வெர்லா அக்கா வீட்டில் இருந்ததோ இரண்டே ஆள்: அவரும் அவர் தம்பி ஆரினும். வண்டியைச் சேர்த்தால் மூன்று. கிளெட்டஸ் அண்ணன் அவர்களுடைய பெரியப்பா மகன், அடுத்த பண்ணைக்காரர். நான் அவர் பண்ணையில் சமையல் செய்கிறேன். அதனால் வெர்லா அக்காவை இருபது வருடத்துக்கு மேலாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அவர் அப்பா இறந்தபோது ஊரே நிலத்தை விற்கச் சொன்னது. பெண் ஒருத்தி, கூடவே புத்தி மெதுவான தம்பி, இருநூறு மாடு, இதெல்லாம் எப்படி நடக்கும் என்று. அவர் யாரிடமும் வாதாடவில்லை. மறுநாள் காலையில் காற்றாலைக் கோபுரத்தில் ஏறித் தண்ணீர்க் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தார். பனிப்புயலில் பிறந்த கன்றுகளை வண்டிக்குள் கால் வைக்கிற இடத்தில் போட்டு, ஹீட்டரைத் திருப்பி விட்டு உயிர் கொடுத்திருக்கிறார். ஒருவர் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தார். நல்ல மனிதர்தான். தம்பியை ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமே என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். வெர்லா அக்கா அவருக்கு ஆப்பிள் பை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து வழியனுப்பி வைத்தார். அதன்பின் அந்தப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

என் கணவர் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவித்த ஜனவரியில், பாதை தெரியாத பனியில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தப் பழைய வண்டிதான். வழியெல்லாம் நான் ஜெபமாலை உருட்டினேன். வெர்லா அக்கா வண்டியை ஓட்டியபடி மாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வாய் திறந்தால், "அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடை, வழி தெரியல" என்றார். அவர் கோயில் வேறு, என் கோயில் வேறு. ஆனாலும் ஆண்டவர் அவர் வீட்டு வழியாகத்தான் போய் வருகிறார் என்று நான் நம்புகிறேன்.

இப்போது படல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்லா அக்காவின் வீட்டிலிருந்து மாடுகள் நிற்கிற கடைசி மேய்ச்சல் வரை, பாதையை மறிக்கிற வேலிகளுக்கு வாசலாக ஏழு படல் உண்டு. முள்கம்பியும் குச்சியும் சேர்த்துக் கட்டிய படல்கள். தோளால் படலின் கம்பத்தை அணைத்து இழுத்துப் பிடித்தால்தான் அதை வேலியோடு பிணைத்த கம்பி வளையம் கழலும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஓட்டுகிறவர் இறங்க வேண்டாம். நடுவில் இருப்பவர் இறங்க வேண்டாம். கதவோரம் உட்கார்ந்தவர்தான் இறங்கிப் படல் திறந்து, வண்டி போனதும் மூடிவிட்டு ஏற வேண்டும். அதனால் மூன்று பேர் போகிற வண்டியில் நடு இடத்துக்குத்தான் சண்டை வரும்.

ஆரினுக்கு அந்தச் சண்டை கிடையாது. ஒன்பது வயதில் அவர் ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் இடம் நடு இடம். அப்பா ஓட்டுவார், ஆரின் நடுவில், வெர்லா அக்கா கதவோரம். இப்போது ஆரினுக்கு நாற்பத்தாறு வயது. அப்பா போன பிறகும் அவர் நடுவில்தான். கதவோரம் காலி. வெர்லா அக்கா ஒவ்வொரு படலுக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, திறந்து, ஏறி, உள்ளே ஓட்டி, மறுபடி இறங்கி, மூடி, மறுபடி ஏறுவார். தம்பி தூரத்திலேயே பார்த்து "படல்!" என்று கூவுவார். அது அவர் வேலை.

இரண்டு வருடமாக வெர்லா அக்காவின் வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் தினமும் வைக்கோல் கொண்டுபோக வேண்டும். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, எங்கள் பண்ணைக்கே ஆள் போதவில்லை. படலுக்குப் பதிலாகக் குழி தோண்டி இரும்புக் கம்பி பாவினால் மாடு தாண்டாது, வண்டி தாண்டும் என்பார்கள். எங்கள் மணலில் ஒரு காற்று அடித்தால் குழி நிரம்பிவிடும்.

"இந்த வருசம் முடியலன்னா நிலத்தை எனக்குக் குத்தகைக்கு விட்டுடு" என்று கிளெட்டஸ் அண்ணன் அன்றைக்கு வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "பேராசையில சொல்லலம்மா. டவுனுல வீடு எடுத்துக்கோ. காலுக்கு ஆபரேசன் பண்ணிக்கோ."

"ஆரின்?"

போன வருடம் வெர்லா அக்கா பரிசோதனைக்குப் போனபோது ஆரினை ஒரு வாரம் டவுனில் ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரமும் அவர் தொப்பியைக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரொட்டியும் பாலும் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

"வண்டி வாங்கிப் பார்க்கிறேன் அண்ணே" என்றார் வெர்லா அக்கா. "ஓட்டிப் பார்த்துட்டு சொல்றேன்."

டவுனில் வண்டி விற்கிற லைல் அவருக்கு இரண்டு வண்டி காட்டினார். இரண்டுமே பெரிய பிக்கப், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று வெள்ளை. அலங்காரம் ஒன்றும் கிடையாது. முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை, பின்னால் நீளமான பெட்டி. ஆனால் எஞ்சின் சிறிது, மாடு ஏற்றிய டிரெய்லரை மணல் ஏற்றத்தில் இழுக்கும்போது மூச்சு வாங்கும். இன்னொன்று கரும்பச்சை. டீசல் எஞ்சின், மலையைக் கட்டி இழுக்கலாம் போலிருந்தது. பின் இருக்கையும் உண்டு. ஆனால் முன்னால் இரண்டே இருக்கை, நடுவில் மூடி போட்ட பெட்டி.

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன வைப்பாங்க?" என்று கேட்டாராம் வெர்லா அக்கா.

"காப்பி, பேனா, துப்பாக்கி ரவை, எதுவேணா வைக்கலாம்."

"என் தம்பியை வைக்க முடியுமா?"

லைல் தங்கமான பிள்ளை. ஒவ்வொன்றையும் ஒரு நாள் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

முதலில் வெள்ளை வண்டி வந்தது. ஆரின் நேராக நடுவில் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறந்ததிலிருந்து அதே வண்டியில் போகிறவர் மாதிரி. அன்று மாலை நான் இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுபோனேன். வண்டி முற்றத்தில் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. வெர்லா அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார்.

"என்னக்கா, இறங்கலியா?"

"கால் மடங்க மாட்டேங்குது. கொஞ்சம் பொறு." பிறகு சொன்னார்: "வண்டி நல்ல வண்டி. நான்தான் பழசு."

நடுவில் இருந்த ஆரின் எனக்கு வழி விடுவதற்காக முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, "ஏழு படல்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். வெர்லா அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பச்சை வண்டி. என்னைக் கூட வரச் சொன்னார். "நீ பின்னாடி அவன்கூட உக்காரு. பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி பூட்டு இருக்கு, பயமில்ல. வண்டி டிரெய்லர் இழுக்குற இழுப்பை மட்டும் பார்க்கலாம். படலுக்கு நானே இறங்குறேன்."

ஆரின் பின் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏறவில்லை.

"வாங்க தம்பி, நான் இருக்கேன்ல" என்றேன்.

"பின்னாடி குழந்தைங்கதான் உக்காருவாங்க."

"ஆரின், இன்னிக்கு மட்டும்டா" என்றார் வெர்லா அக்கா.

ஆரின் சுற்றிப் போய் முன் கதவைத் திறந்து, ஏறி, அந்த நடுப்பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. தொப்பி மூக்குக்கு இறங்கியது. நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெட்டியிலிருந்து இறங்கி, கதவோர இருக்கைக்கு நகர்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

வெர்லா அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி எல்லாக் கதவையும் பூட்டினார். அழுத்தியதையே இரண்டு மூன்று தடவை அழுத்தினார். வண்டி கிளம்பியது. நான் பின்னால் உட்கார்ந்து ஆரினின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கை மடியிலேயே இருந்தது.

"படல்!" என்றார்.

வெர்லா அக்கா வண்டியை நிறுத்தினார். "நீ அசையாத. நான் போய்ட்டு வரேன்."

"கதவோரம் நான்."

"தெரியும்டா. இரு."

"கதவோரம் உக்காந்தவங்கதான் இறங்கணும். அப்பா சொன்னது."

வெர்லா அக்கா என்னைக் கண்ணாடியில் பார்த்தார். எனக்கு அந்த நேரம் வந்ததெல்லாம் ஆண்டவரே, ஆண்டவரே என்ற ஒரு சொல்தான். அக்காவின் கை பொத்தான்மேல் இருந்தது. பிறகு பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

ஆரின் இறங்கினார். படலுக்கு நடந்தார். கம்பத்தைத் தோளால் அணைத்தார். வளையம் வரவில்லை. மறுபடி அணைத்தார். நான் பின் கதவைத் தட்டி, "அக்கா, என்னை இறக்கி விடுங்க, பாவம்" என்றேன்.

"இரு" என்றார் வெர்லா அக்கா. "இரு, இரு."

மூன்றாம் தடவை வளையம் கழன்றது. ஆரின் படலைத் தரையில் போடாமல் தூக்கிப் பிடித்து, அகல நடந்து, வேலியோரம் சாய்த்து வைத்தார், சக்கரத்தில் கம்பி சுற்றாதபடி. வண்டி உள்ளே போனது. திரும்பிப் பார்த்தோம். படலை அழகாக மூடி, வளையம் மாட்டி, கையைத் தட்டிக்கொண்டு நின்றார். மூடிய படலுக்கு வெளியே.

வெர்லா அக்கா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "டேய், நீ அந்தப் பக்கம் இருக்கியே!"

ஆரின் படலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்தான் அந்தப் பக்கம் இருக்கீங்க" என்றார். பிறகு திறந்து, உள்ளே வந்து, மறுபடி மூடினார். வெர்லா அக்கா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த படலில் ஆரின் சரியான பக்கத்தில் நின்றார். அதற்கடுத்ததில் வளையம் இரண்டாம் இழுப்பிலேயே வந்தது. ஐந்தாவதில் வெர்லா அக்கா கண்ணாடியில் தம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டீசல் இழுப்பதைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார். கடைசி மேய்ச்சலில் மாடுகள் வண்டியைச் சுற்றி வந்து நின்றன. அக்கா இறங்கவில்லை. இறங்க அவசியமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, கையை வெளியே போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

வீடு திரும்பியதும் லைலைப் போனில் கூப்பிட்டார். "பச்சையே இருக்கட்டும்பா. எஞ்சினா? எஞ்சினும் நல்லாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் கிளெட்டஸ் அண்ணன் குத்தகைக்குப் பதில் கேட்க வந்தார். மேசையில் மிளகாய் போட்ட பீன்ஸ் கறி இருந்தது. அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"வேணாம் அண்ணே" என்றார் வெர்லா அக்கா. "நிலத்தை நானே பார்த்துக்கிறேன். வண்டி வாங்கியாச்சு."

"வண்டி படல் திறக்குமா?"

"படலுக்கு ஆள் கிடைச்சிருக்கு."

"யாரு? இந்த ஊர்லயா? என்ன சம்பளம் கேக்குறான்?"

வெர்லா அக்கா தம்பியைப் பார்த்தார். "என்னடா, என்ன சம்பளம் வேணும்?"

ஆரின் கரண்டியை வைத்தார். இரண்டு கையையும் விரித்து மேசைமேல் நீட்டினார். உள்ளங்கையெல்லாம் முள்கம்பிக் கீறல். "கையுறை" என்றார்.

கிளெட்டஸ் அண்ணன் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, பின் பையிலிருந்து தன் தோல் கையுறைகளை எடுத்து, மேசைமேல் வைத்தார். ஆரின் மாட்டிப் பார்த்தார். விரல் நுனிகள் காலியாக மடங்கின.

"பெருசா இருக்கு."

"வளர்ந்துக்கோடா" என்றார் கிளெட்டஸ் அண்ணன்.

ஆரின் கையுறையோடேயே ரொட்டியை எடுத்தார். வெர்லா அக்கா அதைக் கழற்றச் சொல்லவில்லை.