எங்கள் அக்காவும் துண்டு விடுபட்ட சங்கிலியும்

எங்கள் அக்கா கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியோர்களும் சொந்தபந்தங்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் பெருமையை எழுதிக் கொடுக்கும்படி மாமா கேட்டார். எழுத உட்கார்ந்தால் என் தவறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பெருமாநல்லூரை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். கிணறு வற்றித் தோட்டம் கைமாறியபோது, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனார். அவருடைய சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்து, இன்று ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் மேசையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. அதே கம்பெனியில் டெய்லராக இருந்த மாமாவை மணந்து நல்லூருக்கு வந்தார். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன் அவர் சட்டைக் காலரின் தையலைப் பார்ப்பார். "ஏனுங்க, இந்தத் தையல் ரெண்டு துவைப்புத் தாங்காதுங்களே" என்று பந்தியில் சொல்லி மாமாவை நெளிய வைத்ததை உங்களில் பலர் நேரிலேயே கேட்டிருப்பீர்கள்.

முதலில் மூட்டு வலிதான் வந்தது. உள்ளூர் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். வலி அடங்கியதும் அக்காவே அதை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கழுத்தில் கட்டிகள் எழும்பின. மாலையானால் காய்ச்சல். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு செய்தோம். காசநோய் என்று சில மாதம் மருந்து சாப்பிட்டதும் வீணாயிற்று. பிறகு மேலண்ணம் வீங்கி, அக்காவின் குரலே மாறிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். அடுத்த வீட்டிலிருந்து கூப்பிடுவது போல் கேட்கும்.

அந்தக் காய்ச்சலில் அவர் பாதி விழிப்பில் கிடப்பார். ஜன்னல் வெயிலில் பஞ்சு இழைகள் மிதந்துகொண்டிருக்கும். "வெள்ளைத் துணி ஓடிட்டே இருக்குது கண்ணு. எங்கியுமே ஓட்டை இல்ல. எந்த மில்லு துணியோ தெரியல" என்பார். அவர் பார்க்கும் துணியை நானும் பார்த்துவிடலாம் போல அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினோம். இங்கேதான் நான் தவறினேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தரை பளபளக்கும், எல்லோர் முகத்திலும் புது மாஸ்க் ஏறும், தீயணைப்பான் கூடத் துடைத்து வைக்கப்படும். எல்லாம் நன்றாகத் தெரிந்தால்தான் ஆர்டர் கிடைக்கும். அந்தப் புத்தியோடுதான் அக்காவையும் தயார் செய்தேன். தெம்பாகத் தெரிந்தால்தான் டாக்டர் தைரியமாக வைத்தியம் பார்ப்பார் என்று நினைத்தேன். புதுச் சேலை எடுத்தேன், பீட்ரூட் சாறு கொடுத்தேன். பழைய ஸ்டீராய்டு மாத்திரையில் மீந்திருந்ததைச் சத்து மாத்திரை என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் கொடுத்தேன்.

காய்ச்சல் நின்றது. எலுமிச்சை அளவு கட்டி பாக்கு அளவாகச் சுருங்கியது. "வேற ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லீங்க" என்றேன். கட்டி தானாகக் கரைகிறது, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த அந்தப் பகல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அக்காவுக்குப் பசித்தது. அவிநாசி அருகே ஒரு கடையில் இரண்டு தோசை சாப்பிட்டு மூன்றாவதும் கேட்டார். வெயிலடித்துக்கொண்டே தூறல் விழுந்தது. காரை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் புதுச் சேலையோடு நனைந்து நின்றார். மாமா குடையை எடுத்துக்கொண்டு ஓட, "ஊட்டுக்குப் போயித் துவட்டிக்கலாமுங்க, விடுங்க" என்று சிரித்தார். சிரிப்பில் பழைய குரல் இருந்தது. லாரிகள் மெதுவாகப் போவது போலவும், அந்தத் தூறல் நிற்கவே போவதில்லை என்பது போலவும் எனக்குத் தோன்றியது.

மாத்திரை தீர்ந்தது. கட்டிகள் முன்னைவிடப் பெரிதாக வந்தன. உடம்பில் இரத்த அளவு வெகுவாகக் குறைந்தது. மறுபடியும் ஓடினோம். இரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள், கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். கனச்சங்கிலி நோய் என்றார்கள், புற்றுநோய் வகையில் மிக அரிதான ஒன்று. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளில் கனமான சங்கிலி இரண்டும் லேசான சங்கிலி இரண்டும் சேர்ந்திருக்குமாம். அக்காவின் உடம்பு கனமானதை மட்டும், அதையும் நடுவில் ஒரு துண்டு இல்லாமல், ஓயாமல் தயாரித்துக்கொண்டிருந்தது. தன் அனுபவத்திலேயே இதைப் பார்ப்பது இதுதான் முதல் முறை என்றார் டாக்டரம்மா.

அக்கா கவனமாகக் கேட்டார். தையல் பகுதியில் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஏட்டில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். பல வருடம் அந்தப் பொறுப்பு அவருடையது. "அந்த விட்டுப்போன துண்டு உள்ள எங்கியாச்சும் கெடக்குமுங்களா?" என்று கேட்டார். "அது கிடக்காதும்மா. முதல்லயே உருவாகல" என்றார் டாக்டரம்மா. "அப்படீன்னா தேட வேண்டியதில்லீங்க" என்று அக்கா நிம்மதியாகத் தலையசைத்தார்.

அன்று டாக்டரம்மாவிடம் தனியே உண்மையைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே சதை எடுத்துப் பார்த்திருப்போம். அதனால என்ன மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றும் இருக்கிறேன். சொந்தங்களே, டாக்டர் கேட்டால் விழுங்கிய எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோயாளியைத் தெம்பானவராக ஜோடித்துக் காட்டாதீர்கள்.

கீமோவுக்குக் கட்டிகள் கொஞ்ச காலம் பணிந்தன. ஏழு மாதம் கழித்து நுரையீரலில் சளி கட்டி, ஒரு பகல் வேளையில் மாமாவின் கையைப் பிடித்தபடியே அக்கா அடங்கினார். மாமாவுக்கு என் தவறு இந்தக் கட்டுரையின் முதல் எழுத்துப்படியைப் படித்தபோதுதான் தெரியவந்தது. தாள்களை வரிசையாக அடுக்கி என் கையில் கொடுத்தார். பிறகு, "அப்படியே அச்சுக்குக் குடு மாப்ள" என்றார்.

இரத்தம் தேவைப்பட்டபோதெல்லாம் ஷிப்டு முடித்து நேராக வந்து கொடுத்த எங்கள் கம்பெனியின் ஒடிசாத் தம்பிகளுக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசி வரை உடன் நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது அக்காவிடமே சொல்லி அழுதேன். "அக்கா, அது சத்து மாத்திரை இல்லீங்க."

"தெரியுங் கண்ணு. நாக்குல வெச்சதுமே அந்தக் கசப்புத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏனுங்கக்கா முழுங்குனீங்க?"

"எனக்கும் ஒரு நாளாச்சும் நல்லா இருக்கோணும்னு இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "மழையில நின்னேனல்லோ, அது எம்பட நாளு. அதைத் தப்புன்னு சொல்லி எங்கிட்ட இருந்து புடுங்கிக்காதே, சாமி."