சூரியனில் எத்தனை புள்ளி?

காலை ஆறே முக்கால். இரட்டைக்குழல் தொலைநோக்கியின் ஒரு கண்ணை மூடிவிட்டு, மறு கண் வழியே வரும் வெயிலைக் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் பிடிக்கிறார் அரியமுத்து. தாளில் எலுமிச்சை அளவு வட்டம். அதில் கடுகு சிந்தியதுபோலக் கரும்புள்ளிகள். "பதினாலு," என்கிறார். சூரியனை நேராகப் பார்க்கமாட்டார். அந்த மட்டுக்கும் புத்திசாலி.

உடையார்பாளையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். சுற்றை எண்ணாமல் கை ஓடாது. பஸ்ஸில் ஏறுகிற ஆட்களைக்கூட எண்ணுவார். டீக்கடையில் நான் தின்ற வடையையும் எண்ணினார், இந்த மனுஷனை என்ன சொல்ல!

மனைவி மஞ்சுவுக்கு வெயில் பட்டால் முகம் சிவந்து தடித்துவிடும். காலை எட்டு மணிக்குள், களிம்பு தடவி, முழுக்கைச் சட்டையோடு வெளியே போகலாம் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். இவர் விடவில்லை. புள்ளி கூடினால் சூரியனின் புற ஊதாக் கதிரும் கூடும் என்று எங்கோ படித்துவிட்டார். "டாக்டர் புள்ளிய எண்ணுனாரா சார்?" என்பார். பத்தைத் தாண்டினால் மஞ்சு வாசற்படி தாண்டக்கூடாது. இரண்டு வருடமாகப் பத்துக்குக் கீழே இறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மஞ்சுவின் அப்பா கொடுத்த முந்திரித் தோப்பில் இரண்டு காய்ப்பு அவர் கை படாமலே போயிற்று.

நான் பக்கத்து வீட்டு இயற்பியல் வாத்தியார். போன வாரம் மஞ்சுவே வந்து, "நீங்களாச்சும் அவருகிட்ட சொல்லுங்க சார். வூட்டுக்குள்ளயே கெடந்து பைத்தியம் புடிக்குது," என்று அழுதார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அரியமுத்துவின் பட்டறைக்குப் போய், புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு மஞ்சுவை வெளியே விடச் சொன்னேன்.

"அப்ப, புள்ளி கூடுனா கதிரு கூடலங்கிறீங்களா?"

"கூடுதுய்யா! நீ படிச்சது சரிதான். ஆனா புள்ளியோட ரொம்ப ஏறி எறங்குற ரகக் கதிரு தரைக்கு வர்றதே இல்ல, மேல காத்துலயே நின்னுடுது. நம்ம தலைக்கு வர்றது நூத்துல ஒண்ணு மாறுனாலே அதிகம். ஒரு மேகம் மறைச்சா அதவிட மாறும். டாக்டர் சொன்ன நேரத்தையும் சட்டையையும் பாரு, போதும்."

மூன்று தடவை திரும்பக் கேட்டார். பிறகு, "அப்பாடா!" என்று ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா நான்தான் அவள அடைச்சு வச்சுட்டேன் சார்." என் கோபம் போன இடம் தெரியவில்லை.

இன்று காலையும் தாளில் வட்டம் விழுந்திருந்தது. தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக, கையில் சாக்குப்பையோடு மஞ்சு வாசலில் நின்றார்.

"எத்தனங்க?"

எண்ணிவிட்டார், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மஞ்சுவின் சட்டைக் கையில் போடாமல் விட்ட பொத்தானைப் போட்டுவிட்டார்.