இத்தாலியில் எட்டு நாள், அரியாங்குப்பத்தில் ஓர் இலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் ரோலிங் ஷட்டர் பட்டறையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் டிப்ளமா படித்தவர்கள். ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னிடம் வந்துதான் கேட்கிறார்கள். புதுச்சேரிக் கடைத்தெருவில் காலையில் ஏறுகிற ஷட்டர்களில் பாதி என் கை பட்டவை. அப்படிப்பட்ட நான் போன செப்டம்பரில் இத்தாலி தேசத்தை எட்டு நாள் காரில் சுற்றிவிட்டு வந்தேன். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் வேறு யாரும் அங்கே போனதில்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அழைத்துப் போனது என் மகள். ஒரே பெண். பிரான்சில் மர்சேய் பக்கம் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அவள் வீட்டில் நான் இன்றுவரை ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. அவள் கூப்பிடாமல் இல்லை. நான் போட்ட சபதம் அது.

மாப்பிள்ளை வீடு அரியாங்குப்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அது அப்படி ஒரு வீடு. நிச்சயம் பேசப் போன அன்றைக்குக் கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். சோறு வைத்தாயிற்று. குழம்பு ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கையில் ஒரு தாளோடு என் எதிரில் வந்து நின்றார்.

"கான்சுலேட்டுக்குக் குடுக்கணும். பொண்ணோட அப்பா தொழில்னு கேட்டிருக்கறான். வெல்டர்னு போட்டுடலாமா?"

நான் வெல்டராக இருந்தவன்தான். பதினாறு வயதில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பற்றவைத்து, கண் வீங்கி, உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் கட்டிக்கொண்டு படுத்தவன். ஆனால் அன்றைக்கு நான் முதலாளி. அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. பரிமாறிய இலையிலிருந்து எழுந்தேன். "இந்த வீட்டுச் சோறும் வேணாம், நாளைக்கு எம் பொண்ணு அவ வீட்டுல ஆக்கிப்போடற சோறும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மகள் அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கல்யாணத்தை நான் ஒரு குறை இல்லாமல் செய்து வைத்தேன். மண்டபத்துச் சாப்பாடு என் சாப்பாடு, அதனால் சாப்பிட்டேன். அவர்கள் பிரான்சுக்குப் போன பிறகு என் மனைவி மட்டும் ஒரு தடவை போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளாக ஒரு நாள், "அடுப்படியில ஒரு ஜன்னல் இருக்குது, அதுவழியா மலை தெரியுது" என்றாள். அடுத்த வருடம் அவள் கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். ஆள் இல்லாத பட்டறையில் கிரீஸ் டப்பாக்களை அடுக்கி வைப்பதும் ஒரு வேலைதான்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, செப்டம்பர்ல எனக்கு லீவு கெடைக்குது. எங்கயாச்சும் போலாமா?"

"எங்க?"

"இத்தாலி. ரோம்ல வந்து எறங்குங்க. நான் கார் எடுத்துக்குனு வந்துடறேன்."

முன்பெல்லாம் அவள் என்னை நீ என்றுதான் சொல்வாள். நான் இலையிலிருந்து எழுந்த நாளுக்குப் பிறகு நீங்க ஆகிவிட்டது. தெருவில் உள்ளவர்கள், பெண் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் பார் என்பார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கவில்லை. இத்தாலி போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு பிரான்சுக்கும் போய் மகள் வீட்டில் நாலு நாள் இருப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை அவள் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

ரோம் விமான நிலையத்தில் அவள் மட்டும் நின்றாள். மாப்பிள்ளை எங்கே என்றேன். "அவருக்கு வேலை இருக்குதுப்பா" என்றாள். வண்டி ஊரைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமாக நிலம் விரிந்தது. உழுதுபோட்ட மண் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகக் கிடந்தது. வீடுகளுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் சவுக்கைப் போல நெடுநெடுவென்று மரங்கள். ஆனால் சவுக்கு காற்றில் சத்தம் போடும். இவை அசையவே இல்லை. ஒரு குன்றின் தலையில் ஒரே ஒரு வீடு, பக்கத்தில் ஒரு மரம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் போனாலும் நடந்துபோகிற மனிதன் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. "ஜனங்க எல்லாம் எங்க?" என்று கேட்டேன். "உள்ள இருப்பாங்க" என்றாள்.

முதலில் ஒர்வியேத்தோ. பாறையைத் தட்டையாகச் சீவி மேலே ஊரை வைத்தது போல் இருந்தது. வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு ஏறிப்போனோம். மேலே மாதா கோயில், சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் நான் அதிகம் பார்த்தது ஜன்னல்களை. எல்லா வீட்டிலும் பச்சை மரச் சட்டம் வைத்த ஜன்னல், எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருவில் இருப்பதைப் போலவே. ஒரு மணி அடித்ததும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இதுவும் எங்கள் ஊர்ப் பழக்கம்தான். நான் நின்று ஒவ்வொரு ஷட்டரும் இறங்கும் சத்தத்தைக் கேட்டேன். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு வருடக்கணக்கு ஆகியிருக்கும். இதைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று மகளிடம் சொன்னேன். "தெரியும்பா" என்றாள். அரை மணி நேரத்தில் தெரு காலியாகிவிட்டது. வீடுகளுக்குள் தட்டுகளின் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியைத் தின்றோம்.

அப்புறம் சியெனா. ஊர் நடுவில் செங்கல் பாவிய பெரிய மைதானம், முறத்தைப் போல ஒரு பக்கமாகச் சரிகிறது. ஜனங்கள் அந்தச் சரிவில் படுத்துக்கிடந்தார்கள். மகள் மியூசியத்துக்குள் போனாள். எனக்குக் கால் வலி என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் என் வயதில் ஒரு பெரியவர், தலையில் தொப்பி. அவர் என்னவோ இத்தாலியப் பாஷையில் சொன்னார். நான் தமிழில், தட்டாஞ்சாவடியில் பட்டறை இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி நீளமாகப் பேசினார். நானும் பேசினேன். பிறந்ததிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மனைவி போனதையும் சொன்னேன். மூன்று வருடத்தில் நான் அவ்வளவு பேசியது அந்த ஆளிடம்தான். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது ஊர் எனக்கு மிகவும் பிடித்தது. பெயர் வாயில் நுழையாது. ஊர் முழுக்கக் கோபுரம், சாமி கிடையாது, வெறும் கல். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் ஒருவனை ஒருவன் மிஞ்ச வேண்டும் என்று கட்டியதாக மகள் படித்துச் சொன்னாள்.

"நம்ம ஆளுங்கதான்" என்றேன்.

"உங்க ஆளுங்கன்னு சொல்லுங்க" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

நான் ஒன்றின்மேல் ஏறினேன். இந்த வயதில் எல்லாப் படியும் ஏறினேன், வழியில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் மூச்சு வாங்கி நின்றார்கள், நான் நிற்கவில்லை. மேலே போனால் திராட்சைத் தோட்டமும் மலையும் தெரியும் என்றார்கள். தெரிந்தது. அதற்கு முன்னால் அடுத்தவன் கோபுரம் தெரிந்தது.

கடைசி இரண்டு நாளுக்கு லுக்கா என்கிற ஊருக்குப் பக்கத்தில், ஆலிவ் தோப்புக்குள் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். கடல் அரை மணி தூரம். காலையிலேயே போய் மத்தி மீன் வாங்கி வந்தாள். பெட்டியிலிருந்து புளி, அரிசி, ஒரு டப்பாவில் மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்தாள். ஆறு நாளாக ரொட்டி தின்ற வாய்க்கு அந்தப் புளி கொதிக்கும் வாசனை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் தட்டை எடுத்து வைத்தாள். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். அவள் ஆக்கிய சோறு.

"ஒக்காருங்கப்பா. இது என் வீடு இல்ல. ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. சாப்பிடலாம்."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊர் ஊராக, ஓட்டல் ஓட்டலாக என்னை ஏன் சுற்ற வைத்தாள், சொந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த தேசத்தில் ஏன் சந்தித்தாள் என்று. என் சபதத்தை எனக்காக அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தேன். ஒரு கவளம் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. "உங்கம்மா கை மாதிரியே இருக்குது" என்றேன். "தூள் அவ அரைச்சுக் குடுத்ததா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா அரைச்சது போன வருஷமே தீந்து போச்சி. இது அத்தை அனுப்புனது."

அத்தை என்றால் அவளுடைய மாமியார். அரியாங்குப்பம். நான் தட்டைப் பார்த்தேன். பாதி சாப்பிட்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறும் கேட்டு வாங்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் லுக்கா கோட்டை மதிலின்மேல் நடந்தோம். மதில் அவ்வளவு அகலம், மேலே இரண்டு வரிசை மரம் வைத்துத் தெருவைப் போல ஆக்கியிருக்கிறார்கள். சைக்கிளில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மதிலுக்கு வெளியே பெரிய சாலை தெரிந்தது.

"இந்த ரோடு எங்க போவுது?"

"ஜெனோவா. அப்புறம் பிரான்ஸ்."

"உங்க வீடு எவ்ளோ தூரம்?"

"ஆறு மணி நேரம்."

"நாம அந்தப் பக்கம் போவலியா?"

"இல்லப்பா. நாளன்னிக்கு உங்களுக்கு ரோம்ல பிளைட்டு."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு நான் சொன்னேன். "உங்க ஊர்ல கடைக்கெல்லாம் என்ன மாதிரி ஷட்டர் போடறானுங்கன்னு ஒரு தடவை வந்து பாக்கணும்."

"ஷட்டர் பாக்க என் வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

"வரணும்னு இருக்குது" என்றேன்.

அவள் நின்றாள். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ எந்திரிச்சது என் வீட்டு எலையில இருந்து இல்லப்பா. அத்தை வீட்டு எலையில இருந்து. பொண்ணோட அப்பா தொழில் அந்தத் தாள்ல எழுதியே ஆவணும், அதான் கேட்டாங்க."

"முதலாளின்னு போட்டிருக்கலாம் இல்ல?"

"கடைசில என்ன போட்டாங்க தெரியுமா? ஒண்ணுமே போடல. நீதான் எந்திரிச்சிப் போயிட்டியே, யார கேட்டு எழுதறது? என் கல்யாணப் பத்திரத்துல உன் பேருக்குப் பக்கத்துல வெறும் கோடுதான் இருக்குது." அப்புறம் சொன்னாள். "அத்தை வீட்டுக்குப் போயி ஒரு வேளை ஒக்காந்து சாப்பிடு. மறுநாளே நான் டிக்கெட் போடறேன்."

அவள் நீ என்றதை நான் கவனித்தேன். ரோம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் நான் கண்ணாடிக் கதவுக்குள் நுழையும்போது மறுபடி நீங்க ஆகிவிட்டது. "பத்திரமா போங்கப்பா" என்றாள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், இத்தாலி ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினேன். சம்பந்தியம்மா இப்போது தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்காரர், அந்தச் சொல்தா, இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "வாங்க" என்றார். நாற்காலி போட்டார். காபி கொடுத்தார். உள்ளே சோறு வடித்த வாசனை வந்தது. பன்னிரண்டரை மணி இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவனை, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். அவர் சொல்லவில்லை. "வெயில் ஏறப்போவுது, கெளம்புங்க" என்றார். மகளிடம் போனில் காபி குடித்ததைச் சொன்னேன். "காபியெல்லாம் கணக்குல வராதுப்பா" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு மணிக்குப் போனேன். நாங்க சாப்பிட்டாச்சு என்றார், தனியாக இருக்கிற மனுஷி. மூன்றாம் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். என் வாழ்க்கையில் இதற்கு முன் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

"சம்பந்தியம்மா, அன்னிக்கு நான் எந்திரிச்சது தப்பு."

அவர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு பதினஞ்சு பேருக்கு ஆக்கினேன். நீங்க எந்திரிச்சதும் ஒருத்தரும் சாப்பிடல. அம்புட்டையும் நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்கினு போயி ஆத்துல கொட்டினோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார் கடைசியில். "நானே போன் பண்ணிச் சொல்றேன்."

பதினோரு நாள் ஆகிறது. காலையில் பட்டறைக்குப் போகிறேன். ஆட்கள் ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டாஞ்சாவடியில் இருந்து அரியாங்குப்பம் போக முக்கால் மணி நேரம் ஆகும். சம்பந்தியம்மா எந்த மதியமும் சாப்பிடக் கூப்பிடலாம். அதனால் இரண்டு மணி வரைக்கும் நான் சாப்பிடுவதில்லை.