சரசு நீட்டிய கட்டைவிரல்

ஏற்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். சம்மதப் பாரம் விஷயத்தில் என்னை அசைக்க முடியாது என்று டாக்டர்களே திட்டுவார்கள். அந்தப் பிடிவாதம் சரசுவால் வந்தது.

தலைச்சோலைப் பக்கம் காபிப் பழம் பறிக்கிறவள் சரசு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முதல் பிரசவம், பெண் குழந்தை. மறுநாளே கருத்தடை ஆபரேஷனுக்கு வீட்டார் பெயர் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மலையில் எஸ்டேட் ஆட்கள் யார் வந்தாலும் கூடவே எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வருவார், பாரத்தில் அவரே கையெழுத்துப் போடுவார். நானும் வருஷக்கணக்காக அதை வாங்கி ஃபைலில் வைத்தவள்தான். அன்றைக்கும் பாரத்தை அவரிடம்தான் நீட்டினேன்.

அவர் பேனாவைத் திறந்தார். “ஊட்ல எல்லாம் பேசியாச்சுங்க சிஸ்டர். காது கேக்காத புள்ள, இன்னொன்னப் பெத்து எப்படிங்க வளத்தும்?”

“சரசுகிட்ட யாருங்க பேசினது?”

“அதுகிட்ட என்னத்தைங்க பேசறது?”

எனக்குச் சுருக்கென்றது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு அவள் புரிந்துகொண்டு தரும் சம்மதம் இல்லாமல் கருத்தடை செய்யக் கூடாது, அது சட்டம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நோட்டில் எழுதியதோடு சரி. பாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

“என்னம்மா, தியேட்டர் ரெடி. பேஷண்ட் எங்க?” என்று டாக்டர் வந்து நின்றார்.

“பேஷண்ட்டையே இன்னும் யாரும் கேக்கல டாக்டர். கேக்காம அனுப்ப மாட்டேன்.”

வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

சரசுவோடு சேர்ந்து பழம் பறிக்கும் பாப்பாத்தி துணைக்கு வந்திருந்தாள். இருவருக்கும் கைஜாடைதான் பேச்சு. “நான் கேக்கறனுங்க” என்றாள். குழந்தையைத் தொட்டு, பழம் பறிப்பதுபோல் காட்டினாள். பிறகு அந்தக் கிளையையே ஒடித்துப் போடுவதுபோல் காட்டி, இனிப் பழமே இல்லை என்று வெறுங்கையை விரித்தாள். சரசு கண்கொட்டாமல் பார்த்தாள். சட்டென்று பாப்பாத்தியின் கையைக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு விரலைக் காட்டினாள்.

“இன்னொன்னு வேணுமாமுங்க.”

டாக்டரே ஆபரேஷன் லிஸ்ட்டிலிருந்து சரசுவின் பெயரை அடித்துவிட்டார். “உங்களுக்கு நொம்பத்தான் சட்டம் தெரியுமுங்க” என்று முனகிக்கொண்டே ரைட்டர் பேனாவை மூடினார்.

அதன் பிறகு, பேஷண்டுக்குப் புரிகிறபடி கேட்காமல் ஒரு பாரத்தையும் நான் வாங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்? புதிதாக வரும் சிஸ்டர்களே, படுத்திருக்கிறவளைக் கேட்டபிறகு மற்றவர்களைக் கேளுங்கள்.

மூன்று வருஷம் கழித்து சரசுவுக்குப் பையன் பிறந்தான். மறுநாள் அவளே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கிளையை ஒடித்துப் போடுவதுபோல் காட்டி, வெறுங்கையை விரித்துச் சிரித்தாள். பாரம் கொண்டுவந்தேன். ரைட்டர் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தார். சரசு அவர் கையை ஒதுக்கிவிட்டு, தன் கட்டைவிரலை என்னிடம் நீட்டினாள்.