ஆர்டிஸ் கையில் ஈரத்துணி

ஆர்டிஸ் கிளெம்கே ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போனவர்களுக்கு அவள் குரல் மறக்காது. "டேய் செவப்புத் தொப்பி! இன்னொரு தடவ எந்திரிச்சா மக்காச்சோளக் காட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்!" எங்கள் விஸ்கான்சின் ஊர் மதுக்கடையில் இதை நான் அப்படியே பேசிக் காட்டினால், பேரன் எடுத்தவர்கள்கூடச் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்றதும் திட்ட ஆள் இல்லாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள், கிண்ணம் கடைய. அதுவும் உளுத்த மேப்பிள் மரம்தான் வேண்டும். கறுப்புக் கோடு ஓடி அழகாக இருக்கும், ஆனால் கட்டையைச் சுழலவிடும் லேத்தில் மாட்டி உளியை வைத்தால் ரொட்டி மாதிரி பிய்ந்துவிடும். அதனால் கட்டையை முதலில் எடை குறைவது நிற்கும்வரை அடுப்பில் காயவைப்பாள். பிறகு சூட்டில் இறுகும் ரெசின் பிசினில் முக்கி, பானையை இறுக மூடி, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சுவாள். குமிழி அடங்கியதும் பம்பை நிறுத்தி, காற்று இருந்த இடத்தில் ரெசின் இறங்கும்வரை ஊறவிட்டு, எடுத்துச் சுடுவாள். கட்டை கல்லாகிவிடும். அதற்கப்புறம்தான் கடைவாள்.

எங்கள் மாவட்டமான கவுண்டியின் பொருட்காட்சியில் மர மேசை டுவெய்ன் பிரிப்னோவின் ராஜ்யம்; அங்கே எது மரம், எது இல்லை என்று விதி போடுவது அவர்தான். வருடா வருடம் ஆர்டிஸின் கிண்ணத்தை இரண்டு விரலால் தூக்கி, 'இதர கைவினை' மேசையில், கழிப்பறைத் தாள் சுருளை மறைக்கப் பாவாடை பின்னிய பொம்மை பக்கத்தில் வைத்துவிடுவார். இந்த வருடம் மர மேசையில் வைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அவள் வந்திருந்தாள்.

"இது மரமில்ல ஆர்டிஸ், பிளாஸ்டிக்கு," என்றார் டுவெய்ன், வழக்கம்போல மூக்கால்.

"உன் மூஞ்சிதான்யா பிளாஸ்டிக்கு. நீ கடைஞ்சு வெச்சிருக்கிற இந்தக் கிண்ணமும் அதே உளுத்த மேப்பிள்தான? அது எப்படிப் பிய்யாம நின்னுச்சு?"

"கை சுத்தம்மா. கை சுத்தம்."

அவள் காபிக் கோப்பையில் துணியை நனைத்து, எண்ணெய் தடவாத அவர் கிண்ணத்தின் அடிப்பாகத்தில் அழுத்தித் தேய்த்தாள். மரம் கறுத்தது. நடுவில் நாலைந்து திட்டு மட்டும் நனையாமல் வெளுப்பாக நின்றது. பசை குடித்த மரம் தண்ணீர் குடிக்காது; கடைகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

"சூப்பர் குளூ!" என்று கத்தினாள் ஆர்டிஸ்.

"அது... உளுத்த எடத்துல மட்டும் ரெண்டு சொட்டு..."

"நான் ஊத்துனா பிளாஸ்டிக்கு, நீ ஊத்துனா சொட்டா?"

பொருட்காட்சியைக் கவனிக்கும் ஜோயன் ஓடி வந்தாள். "சுத்த மரம் மட்டும்தான்னு விதி போட்டதே நீங்கதான டுவெய்ன்? ரெண்டு கிண்ணமும் அந்த இதர மேசைக்குப் போகட்டும்."

ஆர்டிஸ் அதோடு விடவில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு மர மேசைப் பக்கம் திரும்பினாள். "அடுத்து யாரு?"

ஒருவர் இருமிக்கொண்டே தன் ஜாடியைக் கோட்டுக்குள் வைத்தார். இன்னொருவர் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்ப் பொம்மைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மத்தியானத்துக்குள் மர மேசையில் மிஞ்சியது மாவு தேய்க்கும் கட்டை ஒன்றுதான். முதல் பரிசான நீல ரிப்பனை அதற்கே கட்டினார்கள்.

பொம்மைக்கு இந்தப் பக்கம் ஆர்டிஸ், அந்தப் பக்கம் டுவெய்ன், மடக்கு நாற்காலிகளில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப சந்தோஷமா? உனக்கும் மர மேசையில இடம் கெடைக்கலையே," என்றார் அவர்.

"உன் பிளாஸ்டிக்கத் தள்ளி வைய்யா. என் மரத்து மேல நெழல் விழுது."