நான் அனுப்பாத ரெஃப்ரி

ஜாக்கெட்டில் அளவு தப்பினால் ஒரு பெண்மணி மட்டும்தான் திட்டுவாள். ரெஃப்ரி போடுவதில் தப்பினால் இரண்டு ஊர் சேர்ந்து திட்டும். இரண்டு தொழிலையும் ஒரே சமயத்தில் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுபதுகளில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தேன். சுற்றுப்பட்டுப் பையன்களின் கால்பந்து டீம்களுக்குப் பனியன் தைத்துக் கொடுத்த பாவத்துக்கு, எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி என்று பார்த்து அனுப்பும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. கோயில் கமிட்டியிலோ கல்யாணப் பந்தியிலோ 'பொறுப்பு' என்று ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கும்போது என்னோடு சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளலாம்.

பேர் கேட்கக் கூடாது

எங்கள் பக்கத்தில் ரெஃப்ரியிடம் பேர் கேட்கும் வழக்கம் இல்லை. பேர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் உறவு தெரியும், உறவு தெரிந்தால் ஆட்டம் நடக்காது. ஆகவே இரண்டு ஊருக்கும் முகம் தெரியாத ஆளாகப் பார்த்து அனுப்புவேன். கையில் விசிலோடு வந்து நடுக்கோட்டில் நிற்கிறவர்தான் ரெஃப்ரி. அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருமுறை பள்ளிப்பட்டுக்கு ஒரு டிரில் மாஸ்டரை அனுப்பினேன். எதிர்த்து ஆட வந்தது ஆர்.கே.பேட்டை. யாரோ ஒரு பெரியவர் மரியாதைக்கு மாஸ்டரின் பேரைக் கேட்டுவிட்டார். இவரும் சொல்லிவிட்டார். அப்பா பேர், மாமனார் ஊர் என்று நூல் பிடித்துப் போனதில், ஆர்.கே.பேட்டை கோல்கீப்பரின் பெரியம்மாவைக் கட்டியவர் மாஸ்டருக்கு மச்சான் என்று தெரிந்துவிட்டது. அன்று பந்து உருளவே இல்லை. பள்ளிப்பட்டு டீமை நடத்தியவர் சுப்பராயலு என்ற வேர்க்கடலை விவசாயி. நானும் அவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது, எங்கள் சண்டையெல்லாம் பஸ் கண்டக்டர் வாய் வழியாகத்தான். சாயங்காலம் கண்டக்டர் கடை வாசலில் நின்று அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "'ரெஃப்ரி அனுப்பச் சொன்னா டைலரு சம்பந்திய அனுப்பிக்கீறாரு. அடுத்த தபா பேரே இல்லாத ஆளா பார்த்து அனுப்பச் சொல்லு'ன்னாரு."

இரண்டு பஞ்சாங்கம்

ஆட்டங்கள் அமாவாசை அன்றுதான். நெசவுக்காரர் வீடுகளில் அன்று தறி ஓடாது; விவசாயிகளும் ஏர் பூட்ட மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் அம்மையார்குப்பத்துப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நூல் சுற்ற உட்கார வேண்டும். மாதம் முழுக்க அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஒரு மாதம் அமாவாசை இரண்டு நாளைத் தொட்டுக்கொண்டு வந்தது. அம்மையார்குப்பத்தில் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முதல் நாள் என்றார்கள். பள்ளிப்பட்டில் தெலுங்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து மறுநாள் என்றார்கள். என்னிடம் இருந்த நல்ல ரெஃப்ரி எத்திராஜ், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. அவர் முதல் நாள் போனார், பள்ளிப்பட்டு வரவில்லை. மறுநாள் மானப் பிரச்சினையாகி இரண்டு டீமும் வந்து நின்றன, எத்திராஜுக்கு டியூட்டி. ரெஃப்ரி இல்லாமலே ஆடினார்கள், கொஞ்ச நேரத்தில் பந்தை விட்டுவிட்டு ஆளை உதைத்தார்கள். அம்மையார்குப்பத்துப் பையன் ஒருவனுக்குக் கை முறிந்தது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசியதை, அம்மையார்குப்பம் டீமை நடத்திய தசரதன் என்ற நெசவாளி என் கடைக்கு வந்து சொன்னார்: "கை போனா தறி போச்சிண்ணா. இன்னொரு வாட்டி ரெஃப்ரி இல்லாம அடிதடி ஆச்சின்னா, அமாவாசைல கூட ஒரு பையனையும் வெளிய விடறதில்லன்னு முடிவு பண்ட்டாங்க."

மொட்டைத் தலை

அடுத்த அமாவாசைக்கு இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தேன், கண்டக்டரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். பள்ளிப்பட்டில் ஆர்.கே.பேட்டையோடு ஆட்டம், எத்திராஜ் ரெஃப்ரி. எல்லாம் சரி. ஆனால் அன்று மத்தியானம் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு என்று மேஸ்திரி அவரை ட்ராலியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தபோது பந்து உருளும் நேரம். இனி எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் ஆட்டம் முடிந்துதான் போய்ச் சேர முடியும். மெஷினில் உட்கார்ந்து ஒரு அம்மாளின் ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தேன். இந்நேரம் எவன் கை முறிந்திருக்கிறதோ என்பதுதான் நினைப்பு.

இருட்டுகிற நேரத்துக்குக் கண்டக்டர் வந்தார், சிரித்துக்கொண்டு. ஆட்டம் பிரமாதமாக நடந்ததாம். வந்த ரெஃப்ரி மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், காலில் செருப்புக்கூட இல்லை. தமிழ்ப் பையனிடம் தமிழ், தெலுங்குப் பையனிடம் தெலுங்கு. ஆட்டம் முடிந்ததும் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். நான் யாரையும் அனுப்பவில்லையே என்றேன். எங்கள் ஊரில் மொட்டையும் சந்தனமும் ஓர் அடையாளமா? மலைப்படி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். கண்டக்டர் என் குழப்பத்தைச் சட்டை செய்யவில்லை. "யார அனுப்பிச்சியோ எனக்குத் தெரியாது. இனிமே அவரையே அனுப்பணுமாம், சுப்பராயலு சொல்லச் சொன்னாரு."

காயாத சந்தனம்

அதற்கடுத்த மாதம் அம்மையார்குப்பத்தில் ஆட்டம், சோளிங்கரிலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. டிரில் மாஸ்டரைப் போட்டிருந்தேன். அவர் மனைவிக்குப் பிரசவ வலி என்று தந்தி வந்து காலையிலேயே ரயில் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு வந்து சொன்னது ஆட்டம் தொடங்கிய பிறகு. மறுபடியும் அதே கதை. நான் கடையை விட்டு நகரவில்லை. என் மனைவி சரோஜா மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினாள்.

மறுநாள் பனியன் வாங்க தசரதன் வந்தார். கேட்பதற்கே பயமாக இருந்தது. அவராகவே சொன்னார்: மொட்டைத் தலை, செருப்பில்லாத கால், ஓடுகிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் பந்து எங்கே போனாலும் பக்கத்தில் நிற்கிறார். ரெஃப்ரி போகவில்லை என்பது ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எனக்கே தெரியாதே, வந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? தசரதன் பேசிக்கொண்டே என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பனியன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "அந்த வெயில்ல நானே காஞ்சி போயிட்டேன்ணா. அவரு தலைல சந்தனம் மட்டும் இப்பத்தான் பூசின மாதிரி ஈரமா இருந்துச்சி. எங்கயோ பார்த்த மூஞ்சி, அடிக்கடி பார்த்த மூஞ்சி."

எத்திராஜை அவர் வெளியே அனுப்பியது

பள்ளிப்பட்டில் மறுபடி ஆட்டம் வந்தபோது எத்திராஜிடம் வேண்டிக் கேட்டுக்கொண்டேன்: லீவு போட்டுவிட்டு, பொழுதோடு கிளம்பிப் போய் முதல் ஆளாக நின்றுவிடுங்கள் என்று. லீவும் போட்டார், பொழுதோடும் கிளம்பினார். வழியில் பஸ் பஞ்சர். இருட்டியபின் நேராக என் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேஜைமேல் விசிலை வைத்தார். மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை.

"நான் போய்ச் சேர்றப்ப ஆட்டம் நடந்துகினு இருந்துச்சி. கோட்டாண்ட போய் நின்னேன். அவரு திரும்பி என்னைப் பார்த்தாரு. தப்பாட்டம் ஆடினவனை அனுப்பற மாதிரி கைய நீட்டி, வெளிய போன்னு காட்டினாரு. வந்துட்டேன்." முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். எத்திராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார். பேசிய அவ்வளவு நேரமும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையை விட்டு இறங்கியபின் தெருவில் நின்று சொன்னார்: "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க டைலரே. ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு ரெஃப்ரி எதுக்கு?"

நானே போன அமாவாசை

அடுத்தது பள்ளிப்பட்டும் அம்மையார்குப்பமும், கை முறிந்த ஆட்டத்துக்குப் பிறகு முதல்முறையாக. எத்திராஜ் விலகிவிட்டார், டிரில் மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு ஆள் இல்லை. சும்மா இருந்தால் அவர் வந்துவிடுவார், நமக்கென்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்குப் பழகிப்போனதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவர் கையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படித் தூங்குவது? அவர் வராமல் போனால் அந்தப் பையன்களுக்குப் பந்து அன்றோடு சரி. நானே போகிறேன் என்றேன். சரோஜா ஏற்கெனவே மலைக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. காலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு, எத்திராஜின் விசிலோடு பஸ் ஏறினேன்.

பள்ளிப்பட்டு மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்று காத்திருந்தேன். அவர் வந்தால் ஒரு கும்பிடு போட்டு யாரய்யா நீர் என்று கேட்டுவிடுவது என் திட்டம். யாரும் வரவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நடுக்கோட்டுக்குப் போனேன். போகிற வழியிலேயே பையன்கள் அடங்கிப் பிரிந்து நின்றார்கள்.

விதிகள் எனக்குக் காதால் கேட்ட அளவில்தான் தெரியும். ஆஃப்சைடு இல்லாததற்கு ஊதினேன், கையில் பட்டதை விட்டேன், ஒரு நல்ல கோலை இல்லையென்றேன். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு ஓடினார்கள். சமமாக முடிந்தது. பெரியவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த அமாவாசைக்கு எங்கே ஆட்டம் என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் அழுதிருப்பேன், விசில் வாயில் இருந்ததால் தப்பித்தேன்.

ஒரு பெரிய மனிதர் சொம்பில் மோர் கொண்டுவந்தார். குரலில் இருந்த அதட்டலை வைத்தே சுப்பராயலு என்று தெரிந்துகொண்டேன். பின்னால் தசரதன் நின்றார். எத்தனை வருஷப் பழக்கம், அவர் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை, என் மொட்டையைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். நான் மோரைக் குடித்து முடிக்கும்வரை சுப்பராயலு பொறுத்திருந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்: "உடம்பு சரியில்லயா நைனா? முன்ன ரெண்டு தபா வந்தப்ப நீங்க ஒரு தப்புகூட பண்ணலியே."

ரெஃப்ரி போடும் வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: எந்த ஊருக்கு யாரை அனுப்பினோம் என்பது மறந்துபோனாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பதை மட்டும் வீட்டில் யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.