‘நோ’ அமுக்காத அக்காவின் கம்ப்யூட்டர்

மெர்லிமாவிலிருந்து மூன்றாவது முறையாகப் போன் வந்தபோது பாஸ் என்னைத் திட்டவில்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

“எப்படி, வசதியா இருக்கா?”

“இருக்கு பாஸ். எதுக்கு?”

“இன்னொரு தடவ அந்தம்மா போன் அடிச்சாங்கன்னா நீ இங்கதான் லா. மவுஸும் டிஸ்கெட்டும் வித்துக்கிட்டு இரு. சர்வீஸுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

பாஸ் கத்தினால் அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார். சிரித்துக்கொண்டே பேசினால் சொன்னதைச் செய்துவிடுவார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

இது 1999-இல் நடந்தது. தெங்கேராவில் கம்ப்யூட்டர் விற்று, ரிப்பேரும் பார்க்கும் கடை எங்களுடையது. நான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு இந்தக் கடையில் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் கவுண்டரில்தான் போட்டார்கள். கெஞ்சி, சண்டை போட்டு, பாஸின் மனைவி வரைக்கும் சிபாரிசுக்குப் போய்த்தான் சர்வீஸுக்கு மாறினேன். டூல் பேக்கை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினால், வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “டெக்னிஷன் வரலியாம்மா?” என்று கேட்பார். நான்தான் டெக்னிஷன் என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி. அதை விட்டுவிட்டு மறுபடியும் மவுஸ் விற்க எனக்கு மனமில்லை.

முதல் இரண்டு தடவை

போன் அடித்தவர் சரோஜா அக்கா. மெர்லிமாவில் கல்யாணக் கார்டு அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கார்டைக் கம்ப்யூட்டரில் அவரே டைப் செய்து, அவரே பூ, கொடி, பிள்ளையார் எல்லாம் வைத்து முடிப்பார். அச்சடிக்க மட்டும் வெளியே கொடுப்பார். பிள்ளையார் படம், குத்துவிளக்குப் படம், தமிழ் எழுத்து, எல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்லப்போக, மோடம் வாங்கி மாட்டியிருந்தார். அதோடு சனியும் வந்து சேர்ந்தது.

முதல் தடவை நான் போனபோது ஸ்க்ரீனில் பாதியைக் காணவில்லை. மேலே மூன்று வரிசைக்கு என்னென்னவோ பட்டன்கள். மவுஸ் அம்பு வண்ணத்துப்பூச்சியாக மாறி, போகிற இடமெல்லாம் நட்சத்திரம் உதிர்த்தது. அஞ்சு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பெட்டி திறந்து சூதாட அழைத்தது. அது போனால் நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, தனியாக இருக்கிறீர்களா, துணை தேடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் வந்து நின்ற இடம் சரியாக மணமகன் பெயருக்கு மேலே.

“கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிடுச்சு, கெட்டே போச்சு பார்வதி. வைரஸா?” என்றார் அக்கா.

வைரஸ் ஸ்கேன் போட்டால் ஒன்றுமே இல்லை என்றது. இப்போது இதற்கெல்லாம் ஆட்வேர் என்று பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் கடையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ‘விளம்பரப் பேய்’ என்போம். ஓட்டும் முறையும் கையால்தான். கன்ட்ரோல் பேனலில் போய் அக்காவுக்கே தெரியாமல் ஏறியிருந்த ஏழு புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க வராததை சேஃப் மோடில் ஏற்றி அழித்தேன். ஸ்டார்ட் ஆகும்போதே கூடவே கிளம்புகிறவற்றின் லிஸ்ட்டைத் திறந்து டிக் எடுத்தேன். ரெஜிஸ்ட்ரியில் ஒளிந்திருந்த மிச்சத்தையும் துடைத்தேன். வண்ணத்துப்பூச்சி போனதில் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கிளம்பும்போது தெளிவாகச் சொன்னேன். “நெட்ல இருக்கறப்ப ‘இத போடட்டுமா’ன்னு ஒரு பெட்டி வந்து கேக்கும். யெஸ்ஸுன்னும் இருக்கும், நோன்னும் இருக்கும். நீங்க நோ அமுக்கணும். புரியுதா அக்கா?”

“சரிம்மா” என்றார்.

பத்து நாளில் மறுபடியும் போன். மறுபடியும் போனேன். ஏழுக்குப் பதில் ஒன்பது ஏறியிருந்தது. எடுத்தேன். அதே பாடத்தைச் சொன்னேன். “சரிம்மா” என்று அதே பதில். அந்த வாரக் கடைசியில் மூன்றாவது போன் வந்தது. அதற்குப் பிறகுதான் பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

மூன்றாவது தடவை போனபோது அக்கா அழுகிற மாதிரி இருந்தார்.

“சனிக்கெழம மாப்ள வீட்டுக்காரங்க கார்டு பாக்க வராங்க பார்வதி. பெரிய எடம். ஆயிரம் கார்டு. அவங்க நிக்கறப்ப அந்த வெள்ளக்காரி வந்து நின்னா என் கட பேரு என்னாவும்? இந்தக் கம்ப்யூட்டரயே ஒங்க பாஸ்கிட்ட திருப்பிக் குடுத்துருவேன், சொல்லிட்டேன்.”

கம்ப்யூட்டர் திரும்பி வந்தால் நானும் கவுண்டருக்குத் திரும்பிவிடுவேன். எனவே இந்த முறை துடைத்து முடித்ததும் கிளம்பவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, “நீங்க எப்பவும்போல வேல செய்யுங்கக்கா, நான் சும்மா பாக்கறேன்” என்றேன்.

அக்கா கார்டைத் திறந்தார். திருவளர்செல்வி விமலா, திருவளர்செல்வன் மணிமாறன். அதை அப்படியே வைத்துக்கொண்டு, மோடத்தைக் கத்தவிட்டு நெட்டுக்குள் போய் வாழைமரப் படம் தேடினார். மூன்றாவது பக்கத்திலேயே பெட்டி வந்துவிட்டது. அக்காவின் கை ‘நோ’ பக்கம் போனது. நல்லவேளை என்று நினைத்தேன். போன கை நின்றது. பின்னால் தெரிந்த இரண்டு பெயர்களையும் ஒரு முறை பார்த்தார். அம்பை நகர்த்தி ‘யெஸ்’ஸை அமுக்கினார்.

“அக்கா!”

“கத்தாத. கல்யாணக் காரியம். புள்ளைங்க ரெண்டு பேரும் பேரோட நிக்குதுங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எப்படி சொல்றது?”

“அப்ப நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னீங்களே?”

“நீ நல்ல மனசோட சொன்ன. ஒன்கிட்ட மட்டும் முடியாதுன்னு சொல்லலாமா?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அரிசி நெறஞ்சிருக்கு’ என்பார் அம்மா. விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அந்தப் பெட்டியைச் செய்த மகராசனுக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் ஊர் முழுக்க வளைத்துப் போட்டிருப்பான்.

“சரி, நோ வேணாம். ‘கேன்சல்’னு வந்தா அத அமுக்குங்க.”

“கல்யாணத்துல கேன்சலா? வாயக் கழுவு!”

“மூலையில பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது?”

“பேருக்கு மேல குறுக்கக் கோடு போடச் சொல்றியா நீ?”

கருமாதி டிஸ்கெட்

தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு குறும்பு யோசனை வந்தது.

“அக்கா, கல்யாணம், காதுகுத்து, சடங்கு, இதத் தவிர வேற கார்டே நீங்க அடிக்கறதில்லயா?”

அக்கா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கருமாதி கார்டு அடிப்பேன். அது தனி டிஸ்கெட். கல்யாணக் கார்டோட சேக்க மாட்டேன்.” மேசைக்கு அடியில், பிஸ்கட் டின்னுக்குள், துணியில் சுற்றி வைத்திருந்தார்.

“நெட்டுக்குப் போறப்ப கல்யாணக் கார்ட மூடிருங்க…”

“மூடறதா?”

“எடுத்து வெச்சிருங்க. கருமாதி கார்டத் தெறங்க. அங்க போயி யாராவது ‘வரேன்’னு சொல்லுவாங்களா?”

அக்கா யோசித்தார். துக்க வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. இன்னும் வேண்டும் என்றும் கேட்கக் கூடாது. அங்கே ‘வேண்டாம்’தான் மரியாதை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

சற்று முன் ஏறியதைத் துடைத்துவிட்டு டிஸ்கெட்டைப் போட்டோம். யாரோ ஒரு தாத்தாவின் பதினாறாம் நாள் கார்டு ஸ்க்ரீனில் நின்றது. நெட்டுக்குள் போனோம். பெட்டி வந்தது. அக்கா மேசை அதிர ‘நோ’ அமுக்கினார். “வேணாம்! போதும்! இனிமே இந்தப் பக்கம் வராத!” இன்னொன்று வந்தது. அதற்கும் நோ. என் சர்வீஸில் யாரும் அவ்வளவு ஆசையாக நோ அமுக்கி நான் பார்த்ததில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்த முகப் பிள்ளையார்

சனிக்கிழமை எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. மெர்லிமாவுக்கே போய்விட்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்திருந்தார்கள். பேசியதெல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பாதான். கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்தது. அக்கா கார்டைக் காட்டினார். பெயர் சரி, முகூர்த்த நேரம் சரி. அட்வான்ஸ் கொடுக்கப் பெரியப்பா சட்டைப் பையில் கையை விட்டார். விட்ட கையை அப்படியே வெளியே எடுத்தார்.

“இந்தப் பிள்ளையாரு ஏன் மொகம் வாடிப்போயி இருக்காரு? சிரிச்ச மொகமா வேற வெய்யிம்மா. நெட்ல கெடைக்கும்ல, இப்பவே பாரு. நாங்க இருந்து பாத்துட்டே போறோம்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் நிற்கும்போது கல்யாணக் கார்டை எடுத்து வைத்துவிட்டு, அதே ஸ்க்ரீனில் கருமாதி கார்டைத் திறந்தால் என்ன நடக்கும்? இதை நான் யோசித்திருக்கவே இல்லை.

“பார்வதி, நீ ஒக்காரும்மா” என்று அக்கா எழுந்துவிட்டார்.

உட்கார்ந்தேன். விமலாவும் மணிமாறனும் பேரோடு நிற்க, நெட்டுக்குள் போய்ப் பிள்ளையாரைத் தேடினேன். சிரித்த முகப் பிள்ளையார் கிடைத்தார். கூடவே பெட்டியும் வந்தது.

“என்னா கேக்குது?” என்றார் பெரியப்பா.

“ஒண்ணு போடட்டுமான்னு கேக்குது ஐயா.”

“நல்ல காரியத்துல கேக்குது. யெஸ் அமுக்கு.”

மாப்பிள்ளையின் அம்மாவும், “ஆமாம்மா, யெஸ் அமுக்கு” என்றார். என் அம்பு ‘நோ’ மேல் இருந்தது. நான் டெக்னிஷன். இரண்டு முறை பாடம் எடுத்தவள். ஒரே ஒரு விரலால் அழுத்த வேண்டும். அந்த விரல் வரவில்லை. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ‘யெஸ்’ அமுக்கினேன்.

பிள்ளையார் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவர் பாதம் வந்து சேர்ந்த நேரத்தில், மணிமாறன் பெயருக்கு மேல் வெள்ளையாக ஒரு பெட்டி திறந்தது. அந்த வெள்ளைக்காரிதான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் மோடத்துக்குப் போகும் போன் வயரைக் காலால் இழுத்தேன். வயர் கழன்றது. பெட்டி வெள்ளையாகவே நின்றது.

“இது என்னா?”

“லைன் ஸ்லோ ஐயா, ஒண்ணும் வரல.”

பிள்ளையாரைக் கார்டில் வைத்தேன். பெரியப்பா தூர நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், அட்வான்ஸைக் கொடுத்தார். அவர்களுடைய கார் போகிற சத்தம் கேட்டதும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நோ அமுக்கணும்னு எனக்கு ரெண்டு தடவ சொன்ன” என்றார் அக்கா.

வெட்கமாக இருந்தது. மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

கேட்காமல் இருக்க வைப்பது

துடைத்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நெட் செட்டிங்கில் செக்யூரிட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் புரோகிராமை ஏற்றட்டுமா என்று கேட்கச் சொல்லலாம், கேட்காமலே தடுத்துவிடவும் சொல்லலாம். அந்த இடம் எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் மெஷினில் குறையில்லை, அக்காவிடம்தான் குறை என்று நினைத்து அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் விரலே நின்ற பிறகுதான் புத்தி வந்தது. இலவச எழுத்து, ஸ்க்ரீன் சேவரோடு ஒட்டிக்கொண்டு வருவதை இந்தச் செட்டிங் பிடிக்காது. அதனால் புதிதாக எதை இறக்கினாலும் முதலில் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். வழக்கம்போல் “சரிம்மா” என்றார். இதை மட்டும் கடைசி வரை காப்பாற்றினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேண்டாம் என்று சொல்ல வராத ஆளை உட்கார வைத்துப் பாடம் எடுக்காதீர்கள். அந்தக் கேள்வியே அவரிடம் வராதபடி மெஷினை மாற்றி வையுங்கள். நான் அதற்குப் பிறகும் பல வருடம் மோட்டாரில் டூல் பேக்கோடு சுற்றினேன். அந்தச் சனிக்கிழமை நான் எதை அமுக்கினேன் என்று பாஸிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்கு அந்தச் செக்யூரிட்டியில் எல்லாவற்றையும் ‘தடு’ என்று மாற்றி ஓகே கொடுத்தேன். கம்ப்யூட்டர் சும்மா விடுமா? செட்டிங்கை மாற்றத்தான் போகிறீர்களா, நிச்சயமாகவா என்று கடைசியாக ஒரு பெட்டியைத் திறந்து கேட்டது. அதிலும் யெஸ், நோ. பின்னால் விமலா, மணிமாறன், சிரித்த முகப் பிள்ளையார்.

“அக்கா, இத நீங்களே அமுக்குங்க.”

அக்கா பயந்துகொண்டே மவுஸைப் பிடித்தார். “எதும்மா?”

“யெஸ்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான் அக்கா. இதுக்கு யெஸ்தான்.”

அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு, இனிமேல் வரப்போகிற அத்தனை பெட்டிக்கும் சேர்த்து, மனசார ‘யெஸ்’ அமுக்கினார்.